தொழிற்கட்சி வென்றது, தொழிலாளி வென்றானா?

2022 மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரசபைத் தேர்தலில் 101 இடங்களில் 65 இடங்களைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. பெயரைக் கண்டே தொழிலாளர் ஆட்சி என்று கைதட்டுவோர் நம்மிலும் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன?

குப்பை அள்ளும் ஆண்களுக்குக் கொடுத்த போனஸை, கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கும் சமையல் வேலைப் பெண்களுக்கும் அந்நகரசபை மறுத்து வந்தது. காலங்கடந்த வழக்கு என்று அது வாதாடியதை 2012-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. எந்தக் கட்சி ஆண்டபோதும் இந்தக் கணக்கு நேராகவில்லை. 110 கோடி பவுன் கொடுத்த பிறகும் நிலுவை நின்றது. 2023 செப்டம்பரில் நகரசபை கையை விரித்தது. 2024-ல் நகரசபை வரி ஏறக்குறைய 10 விழுக்காடு ஏறியது. 2025-ல் குப்பை அள்ளுவோர் சம்பள வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எதிரே நின்றது தொழிற்கட்சி நிர்வாகம்!

பெண்களின் பாக்கியைப் பெற்றுத் தந்தது நீதிமன்றப் படியேறிய அவர்களின் பிடிவாதமே.

தோழர்களே! ஓட்டுப் போடுவோம், கட்சியையும் ஆதரிப்போம். ஆனால் சங்கத்தை எந்தக் கட்சிக்கும் அடகு வைக்க மாட்டோம். வென்றவர் நம்மவரேயானாலும் சம்பளக் கணக்கைக் கேட்போம்!