குடிவழியும் நோய்வழியும்

விழா மலருக்கென எமது வகுப்பினரின் பெயர்ப் பட்டியலைத் தொகுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பத்திரண்டு பெயர்கள். அவற்றுள் ஐந்தின் முன்னே ‘காலஞ்சென்ற’ என்னும் அடைமொழியை எழுத நேர்ந்தது. இருவரைப் போர்க்காலம் கொண்டுபோயிற்று. அவர்களைப் பற்றி எழுத எம்மினும் தகுதியுடையோர் உளர். ஏனை மூவரும் ஐம்பதாண்டு நிரம்பாதவர். ஒருவரைப் பாரிசவாதமும் இருவரை மாரடைப்பும் கவர்ந்தன. மூவருக்கும் சலரோகம் இருந்தது.

அம்மூவருள் ஒருவர் எமக்கு உற்ற தோழர். படுவான்கரையிலிருந்து மண்முனைத் துறையிற் ‘பாதை’யேறி வாவியைக் கடந்து வந்து பயின்றவர், கணக்கிலும் பந்தாட்டத்திலும் எம்மை என்றும் பின்னிற்க வைத்தவர். அவருடைய தந்தையாருக்கும் பெரிய தந்தையாருக்கும் அந்நோய் இருந்ததென்பதை, அவருடைய முப்பத்தோராம் நாட் கிரியையன்றுதான் யாம் அறிந்தோம். அவர் முன்னரே அறிந்திருந்தார். தங்கையாரின் விவாகம் நிறைவேறும்வரை அதனை வாய்திறந்து சொல்லலாகாதென வீட்டார் விலக்கியிருந்தனர். சொல்லாமை நாளடைவிற் சோதியாமையாயிற்று. இரத்தம் சோதிக்கும் இடத்தில் உறவினர் எவரேனும் கண்டுவிடுவரோ என்னும் அச்சத்தால் அவர் அப்பக்கமே சென்றிலர். தங்கையாருக்கு மணம் இனிதே நிறைவேறிற்று. தமையனார் அடுத்த ஆண்டு நெற்களத்தில் விழுந்தவர் எழுந்திலர்.

இதனை அவ்வீட்டாரைக் குறைகூறும் நோக்கோடு யாம் எழுதவில்லை. எம் வீட்டிலும் இதுவே வழக்கம்.

மட்டக்களப்பு நாட்டார்க்கு வழி வினாவுதல் புதிதன்று. புதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்தவுடன் ஊர் கேட்போம். அடுத்துக் குடி கேட்போம். குடி தாய்வழியாக வருவது; ஒரே குடியிற் பெண் கொள்ளோம்; கோயில் உரிமையும் திருவிழா முறையும் குடியை ஒட்டியே வகுக்கப்பட்டுள்ளன. ஒரு தாய் வயிற்று வழியினரை ‘வயிற்றுவார்’ எனச் சுட்டும் அழகிய சொல்லைப் பிற ஊர்த் தமிழில் யாம் கேட்டிலேம். தலைமுறை தலைமுறையாகக் கோயிலுரிமையைத் தடையின்றி ஒப்பிக்கும் பெரியோர், தம் உடன்பிறந்தார் எந்நோயால் இறந்தார் என்று வினாவினால் மட்டும் ‘திடீரெனப் போய்விட்டார்’ என்பர். திடீர் என்பது ஒரு நோயின் பெயரன்று.

யாம் மருத்துவர் அல்லேம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற தமிழாசிரியர். ஆயினும் தோழரை இழந்த பின்னர் இத்துறை பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானோம். முதலிற் சொற்களே எம்மைத் தடுத்து நிறுத்தின. நம் நாட்டுப் பாடநூல்கள் இக்கலையைப் பிறப்புரிமையியல் என்பன. தமிழகத்தார் மரபியல் என்பர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் மரபியல் என்பதே பெயராதலின் அச்சொல்லே எமக்கு உவப்பு. பிறப்புரிமை என்றாற் காணி பூமியைப் போல நோயும் நமக்கு உரித்தாகி வந்து சேர்ந்ததென்று கேட்போர் மயங்கக்கூடும். அம்மயக்கமே இக்கட்டுரைக்குக் காரணமாதலின் இச்சொல்லாராய்ச்சியை அன்பர்கள் பொறுத்தருள்க.

நீரிழிவுக்கு வழியும் உண்டு, வாழ்வும் உண்டு என்பது பழைய அறிவே. சுசுருதர் இந்நோயை உடன்பிறந்து வருவது, தகாத ஊணும் ஒழுக்கமும் பற்றி வருவது என இரு கூறாக்கினார். புதிய அறிவு செய்திருப்பது அவ்வழியை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுதல். 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் நீல் என்பார், பஞ்சகாலத்தில் உயிர்காத்த சிக்கன மரபே மிகுதிக் காலத்திற் சலரோகமாகத் திரும்புகின்றது என்றொரு கொள்கையை வெளியிட்டார். இன்று பலர் அதனை முற்றாக ஏற்பதில்லை. எனினும் தேடலைத் தூண்டிய கொள்கைகளுள் அதுவும் ஒன்று. 2006இல் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர் ரி.சி.எவ்.7எல்2 என்னும் மரபணுவிலுள்ள ஒரு வேறுபாட்டைக் கண்டனர். பெற்றோருள் ஒருவரிடமிருந்து அதனைப் பெற்றார்க்கு நோய்வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இருவரிடமிருந்தும் பெற்றார்க்கு இரு மடங்குக்கும் மேல். சதையி இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலை அது தளர்த்துகின்றது. புனேயிலும் சென்னையிலும் ஆராய்ந்தபோது நம்மனோரிடத்தும் அது காணப்பட்டது. 2011இல் தென்னாசிய மக்களையே முதன்மையாகக் கொண்டு நடந்த பேராய்வு மேலும் ஆறு இடங்களைச் சுட்டிற்று. இலங்கையரின் இரத்தமும் அதிற் சேர்ந்திருந்தது. இன்று இத்தகைய இடங்கள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை தனித்தனியே சிறு துரும்பு, கூடினாற் கட்டு.

இதயத்தைப் பற்றிய ஆய்வொன்று தமிழாசிரியராகிய எமக்கு எளிதில் விளங்கிற்று. இதயத் தசையின் புரதமொன்றை ஆக்கும் மரபணுவில் இருபத்தைந்து எழுத்துக்கள் விடுபட்டிருத்தலை மதுரை, ஐதராபாத்து ஆகிய நகர்களின் அறிஞர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் ஓரடியைத் தவறவிட, அப்பிழை அடுத்தடுத்த படிகளிலெல்லாம் தொடர்வது போன்றது இது. தென்னாசியருள் நூற்றுக்கு நால்வர் இப்பிழைபட்ட படியை உடையர் என்பது அவர்தம் கணிப்பு. முதுமையை நெருங்குகையில் இதயத்தசை தளர்தற்கு இது ஏதுவாகலாம் என்றனர். உடையாரெல்லாம் நோயுறுவதில்லை. உடனிருக்கும் பிறிதொரு பிழையும் சிலரிடத்திற் காரணமாகலாமென 2018இல் வேறோர் ஆய்வு திருத்திற்று. மூலபாடத்தைத் திருத்தித் திருத்தியே தெளிதல் எமக்குப் பழகிய நெறிதானே.

ஈண்டு நம் குடிமுறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘அது தகப்பன் பகுதி வருத்தம், எங்கட குடிக்கு வராது’ எனக் கூறுவோர் நம்மூரில் உளர். மரபணு குடி பார்ப்பதில்லை. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்பதே அதன் முறை. தாய்வழியாக மட்டுமே வரும் சலரோகம் ஒன்றும் உண்டு. உயிர்க்கலத்தின் இழைமணிகளில் நேரும் மாற்றத்தால் வருவது. செவிப்புலக் குறைவும் அதனோடு சேர்ந்து வரும். ஆனால் அது மிக அரிது. எம் தோழருக்கு வந்தது தந்தை வழியினது. குடிக் கணக்கில் அது எழுதப்படவேயில்லை.

நம் பகுதி இன்னொரு கணக்கிலும் எழுதப்படாமற் போயிற்று. இலங்கையிற் சலரோகமும் இதயநோயும் எத்துணை என அறிய 2005இலும் 2006இலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வளர்ந்தோர் நாலாயிரவர்க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சலரோகம் உண்டெனவும், அவருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு அது இருப்பதையே அறியாரெனவும் கூறிற்று. நன்று. ஆனால் ஒன்பது மாகாணங்களுள் ஏழிலேயே அவ்வாய்வு நடைபெற்றது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும். போர் காரணம், ஆய்வாளரை நோதல் முறையன்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவ நடந்த பிறிதோர் ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு இருபத்து மூவர் சலரோகிகள் என்றபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நாம் பார்த்தோமா?

உலகக் கணக்கிலும் இத்தகைய விடுபாடு உண்டு. மரபணு ஆய்வுகளிற் பங்குகொண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தொன்பதின்மர் ஐரோப்பிய வழியினர் என 2019இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. அவர்தம் மரபைக் கொண்டு வகுத்த ஆபத்து மதிப்பெண் நம்மவர்க்குச் செவ்வனே பொருந்துவதில்லை. பிறர் காலுக்கு அளவெடுத்த செருப்பு அது. மாரடைப்பு நம்மைத் தாக்கும் வயதோ வேறு. இலங்கை உட்பட ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த ஆய்வொன்றின்படி, முதன்முறை மாரடைப்புற்ற தென்னாசியரின் நடு வயது 53; ஏனையோரின் நடு வயது 59. அவ்வாறாண்டுகளில் ஒரு மகள் பல்கலைக்கழகம் முடித்துவிடுவாள்.

ஆகவே கிழக்குப் பல்கலைக்கழகத்தாரோ பிறரோ ஆராய்ச்சிக்கென நம் வீட்டு வாயிலில் வந்து நின்றால் இரத்தம் கொடுத்தல் நம் கடன் என்பது எம் கருத்து. ஆனால் வாயடைத்துக் கொடுத்தல் கூடாது. எதற்காக, எவரிடம், எத்துணைக் காலம் வைத்திருப்பர், எமக்கு என்ன சொல்வர் என்பவற்றை விளங்கும் தமிழிற் கேட்ட பின்னரே கைந்நீட்டுதல் வேண்டும். ஒருமுறை இத்தகைய ஒப்புதற் படிவம் ஒன்றைக் கண்ணுற்றோம். அதன் தமிழ் தமிழாசிரியராகிய எமக்கே விளங்கவில்லை. நெற்களத்திலிருந்து வந்தவர்க்கு எங்ஙனம் விளங்கும்? காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர், கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்றவர். அவர் மண்ணில் இக்குறை நிற்றல் நாணத்தக்கது. இத்தகைய படிவங்களை நம் பழைய மாணவருள் தமிழறிந்தோர் கூலியின்றித் திருத்திக் கொடுக்கலாம். யாம் ஆயத்தம்.

இனி, ‘வழியில் வந்தது வந்தே தீரும், சோதித்து ஆவதென்ன?’ என்பார்க்கு ஒரு சொல். சென்னையிலே மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், சலரோகத்தின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து நோக்கி 2006இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் நடந்து, உணவைத் திருத்திக்கொண்டவரிடத்து நோய் தோன்றுதல் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தெட்டு வீதம் குறைந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில், மேற்சொன்ன ரி.சி.எவ்.7எல்2 வேறுபாட்டை இருமடங்காகப் பெற்றவரையும் சோதித்தனர். நடையும் உணவும் திருந்தியோரிடத்து அம்மரபின் கடுமை மழுங்கிற்று.

இதற்கு அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. எம் பாட்டனார்க்கு உள்ள மரபே எமக்கும் உள்ளது. அவர் விடியுமுன் எழுந்து வரம்பு வழியே வயலுக்கு நடந்தார். மண்வெட்டியோடு பொழுதைக் கழித்தார். யாம் மோட்டார்ச் சைக்கிளிற் பாடசாலை சென்று, மூன்று பாடவேளைக்கு ஒருமுறை இரண்டு கரண்டிச் சீனியிட்ட தேநீர் பருகி, மாலையிற் பயிற்சிப் புத்தகம் திருத்த அமர்கின்றோம். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபின் துறையிற் காத்திருந்த காலமும் மிச்சமாயிற்று. அம்மிச்சத்தில் யாம் நடந்திலேம். மரபு மாறவில்லை, சோற்றுக் கோப்பையும் மாறவில்லை. வயல் மட்டும் நீங்கிற்று.

வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் எண்ண வேண்டும். புனேயில் மருத்துவர் யாஞ்ஞிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை நிறுத்து நோக்கினர். சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரில் 3.5 கிலோ. நம் குழந்தைகள் மெலிந்தவையாயினும் அம்மெலிவிலும் கொழுப்புக் குறையாதிருத்தலை 2003இல் வெளியிட்டனர். ஒல்லாந்திலே 1944, 1945ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திற் கருவில் இருந்தோர், வளர்ந்தபின் குளுக்கோசைத் தாங்கும் ஆற்றல் குன்றியிருந்தனர். 1990இன் பின்னர் நம் பகுதி அகதி முகாம்களில் ஒருவேளைக் கஞ்சியோடு பிள்ளை சுமந்த தாய்மார் எத்தனை பேர்! அப்பிள்ளைகள் இன்று முப்பது கடந்தவர், நம் மாணவர், சிலர் இம்மலரின் வாசகர். அவர்களை யாரேனும் தேடிவந்து சோதிக்கும்வரை காத்திராது தாமே சென்று சோதிப்பாராக.

சங்கத்தாரிடம் எம் விண்ணப்பம் சிறிது. விழாப் பந்தலில் இரத்தச் சீனியும் இரத்தவழுக்கமும் பார்க்க ஒரு மேசை இடுக. பாரிசவாதத்திற்கு முதற் காரணம் இரத்தவழுக்கமென்பதை உலக ஆய்வுகள் ஒருமுகமாகக் கூறுகின்றன. அதனை அளக்க இரு நிமிடம் போதும். தலைவரும் செயலாளரும் முதலிற் கைந்நீட்டினால் ஏனையோர் நாணார். ‘பெண்பிள்ளை உள்ள வீடு, இதையெல்லாம் எழுதி வைக்கிறதா தம்பி?’ என எம் பெரியம்மாவே கேட்டார். மாப்பிள்ளை வீட்டிலும் எழுதி வைத்தால் அச்சம் இருபாலும் ஒக்கும் என்றோம். அவர் நகைத்தாரேயன்றி உடன்பட்டிலர்.

எனினும் எழுதத் தொடங்கிவிட்டோம். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் மூன்று தலைமுறை. பெயர், இறந்த வயது, நோய். தந்தை வழியில் ஏழு பெயர்களுக்கு எதிரே நான்கு முறை சலரோகம் வந்துள்ளது. தாய்வழியில் அம்மம்மாவின் பெயருக்கு எதிரே இடம் வெறிதாய் உள்ளது. காலில் ஆறாத புண்ணோடு நெடுநாட் கிடந்தார் என்பது மட்டும் எம் நினைவு. அவருடைய தங்கையார் ஆனித் திருவிழாவுக்கு வருவார். பெரியம்மா அருகில் இல்லாத வேளை பார்த்துக் கேட்கவேண்டும்.