பழைய கோப்பை ஏன் எரிக்க வேண்டும்?

ஒரு வாரமாகப் பேரனோடு எனக்கு வாக்குவாதம். விஷயம் ஜாவாஸ்கிரிப்ட். ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொண்டு, பென்ஷன்தாரர்கள் அகவிலை நிவாரணத்தைச் சரிபார்க்க ஒரு கணக்குப் பக்கம் எழுதினேன்.

2016 தொடக்கத்தில் நிவாரணம் 125 சதவீதம். அதனால் எல்லா விகிதங்களையும் லெட்ஜர் பழக்கத்தில் மூன்று இலக்கமாக எழுதினேன். 2019 ஜூலையின் 17 சதவீதத்தை 017 என்று போட்டேன். முன்னால் பூஜ்யம் வந்தால் அந்த மொழி எட்டு எட்டாக எண்ணும்; 017 அதற்கு 15. நண்பரின் 20,000 ரூபாய் பென்ஷனுக்கு 3,400 காட்டாமல் 3,000 காட்டியது. வங்கி கூடுதலாகப் போட்டுவிட்டது, பிடித்தம் வரும் என்று அவர் பயந்துபோனார்.

பேரன் கோப்பின் தலையில் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு வரி சேர்த்தான். பக்கம் உடனே நின்றது. 017 பிழை என்றது. எனக்கு பிரெஞ்சுப் பள்ளியின் டிக்தே வகுப்பு ஞாபகம் வந்தது. கண்டிப்பு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். பெயரைத் தப்பாகத் தட்டினால் தளர்ந்த முறை புதிய மாறி ஒன்றை உண்டாக்கிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கண்டிப்பு முறை நிறுத்திக் கேட்கும்.

ஆனால், "பழைய முறையையே ஒழிச்சிடணும் தாத்தா" என்கிறானே, அதை ஏற்க மாட்டேன். எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பக்கங்கள் எத்தனை! அவற்றை யார் திருத்துவது?

2009ல் இந்த விதியைக் கொண்டுவந்தவர்கள் விவரமானவர்கள். அந்த வரி வெறும் மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல். பழைய பிரவுசர் அதைப் படித்துவிட்டுச் சும்மா போகும். ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும்கூட அதைப் போடலாம். கண்டிப்பும் தளர்வும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வேலை செய்யும். 2015ல் வந்த மாட்யூல்களுக்கோ கேட்காமலே கண்டிப்புதான். நம் ஆபீசில் 'இந்தத் தேதி முதல் அமலுக்கு வரும்' என்று ஆணை போடுவதும் இதற்குத்தானே?

1990ல் பிரெஞ்சு எழுத்தைத் திருத்தியபோதும் இப்படித்தான். வெங்காயத்தைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை விடலாம் என்றார்கள். பழையபடி எழுதுவது தவறு என்று சொல்லவில்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் கண்டிப்பாக எழுதுங்கள், சாக்கு வேண்டாம். பழைய கோப்பின் தலையில் அந்த வரியை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். என் 017ஐ நான் திருத்திவிட்டேன். நண்பருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.