தோற்பவர்க்கும் வழிச்செலவுண்டு

வெற்றியைக் கண்டு வியப்பதும், அதற்கு முற்பட்ட உழைப்பைக் காணாதொழிவதும் உலகியல்பு. டென்னிஸ் என்றவுடன், 1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டனில் அரையிறுதியெய்திய இராமநாதன் கிருஷ்ணனை நினைந்து பெருமிதங் கொள்கின்றோம். தரவரிசையில் இருநூறாம் இடத்தில் நிற்போனை நினைப்பார் யாவர்?

சென்னை இராம்குமார் இராமநாதன் 2017-இல், தாம் 222-ஆம் இடத்தில் நின்றபொழுதே, உலகின் எட்டாம் வீரரான டொமினிக் தீமை வென்றார். ஆயினும், சாலஞ்சர் என்னும் இரண்டாம்படிப் போட்டிகளில் அவர்க்கு முதல் ஒற்றையர் பட்டம் 2021-இலேதான் வாய்த்தது. இடையில் நாடுதோறும் அலைந்ததே வாழ்வு.

அவ்வலைச்சலின் செலவோ பெரிது. 2023-இல், 15,000 டாலர்ப் போட்டியொன்றில் முதற்சுற்றில் தோற்றவர் பெற்றது 156 டாலரே. இந்தியாவின் முதல்வரான சுமித் நாகலும் அவ்வாண்டில் தம் வங்கிக் கணக்கிலுள்ளது 900 யூரோ என்றுரைத்தார். அவரே 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியப் போட்டியில் முன்னணி வீரர் புப்ளிக்கை வென்றார். அன்று புகழ்ந்தோர் முன்னாண்டில் எங்கிருந்தனர்?

நம் திண்டுக்கற் சமவெளியில், தைப்பூசத்திற்குப் பழனி நோக்கி நடப்பார்க்கு அறியாதாரும் மோரும் சோறும் அளிப்பர். முன்னே செல்பவர் யார், பின்தங்கியவர் யார் என்று பார்த்து அளிப்பதில்லை. அவ்வறம் ஆடுகளத்திற்கும் ஆகாதோ?

வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் மாணவர்க்கு வழிச்செலவு நிதியொன்றைப் பழைய மாணவர் நிறுவுதல் வேண்டும். அதனை வென்றார்க்கே உரியதாக்கலாகாது. தோற்று மீளும் தோழனை, “எத்தனையாம் இடம்?” என்னாது, “உண்டனையா?” என்று வினவுவோமாக.