விழா மலரில் இல்லாதது

விளையாட்டுக்குச் சாதி இல்லை என்று கிளப் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அப்படியா?

புணே இந்து கிளப்பில், சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு வீசிய பந்தைத் தொட்டார்கள். தேநீரை மட்டும் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர் அவர். அணித்தலைவர் பதவி மட்டும் தரவில்லை. 1920இல் தம்பிகள் ஆட மறுத்துச் சண்டை போட்டார்கள். 1923இல்தான் தம்பி விட்டல் தலைவரானார்.

ராமச்சந்திர குகா 2002இல் ஆங்கிலத்தில் எழுதியதும் வியந்தீர்கள். விட்டல் 1948லேயே மராத்தியில் தன் கதையை எழுதிவிட்டாரே, அதை ஏன் தேடல?

எங்க ஊர் கிளப்பில் நானும் பந்து போட்டவன். ஜெயிச்ச கோப்பையைக் கோயில் வாசலில் வச்சுக் கொண்டாடினாங்க. நான் தெருமுனையில நின்னேன். விழா மலரில் ஸ்கோர் இருக்கு. நான் நின்னது இல்லை. அதை நாமதான் எழுதணும், தோழர்களே.