குழந்தையின் துயரை அறிய ஆள் வேண்டும்

ராஜஸ்தானின் கோட்டா நகரில் பயிற்சி மைய மாணவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபோது, விடுதி அறைகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்துமாறு 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. நிர்வாகத்தின் கண்ணுக்கு மின்விசிறி தெரிந்தது. அந்த அறையில் உறக்கமின்றித் தவித்த மாணவர் தெரியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். நாளொன்றுக்கு 35 பேருக்கும் அதிகம்.

துயருறும் குழந்தை பெரும்பாலும் அதைச் சொற்களில் சொல்வதில்லை. உறக்கமும் பசியும் மாறுகின்றன. விளையாட்டில் நாட்டம் குறைகிறது. காரணம் புலப்படாத வயிற்றுவலி வருகிறது. சிறு சொல்லுக்கும் சினம் எழுகிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் இம்மாற்றங்களை வீடு திமிர் என்கிறது. பள்ளி சோம்பல் என்கிறது.

இதற்குப் பெற்றோரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. விடியுமுன் வேலைக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் தாய்க்குக் குழந்தையின் முகம் பார்க்க நேரம் ஏது? பல வகுப்புகளைத் தனியே நடத்தும் ஆசிரியரின் தலையில் தேர்தல் பணியும் கணக்கெடுப்பும் சுமத்தப்படுகின்றன. அங்கன்வாடி ஊழியருக்கோ தொழிலாளர் என்ற தகுதியே மறுக்கப்படுகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் பணித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், நூறுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட கிராமத்து அரசுப் பள்ளிகள் வெளி நிபுணர்களுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டுமாம். மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே குவிந்திருக்கும் நாட்டில், அந்தத் தொடர்பு யாருடன்?

எனவே, சிறு பள்ளிகளை ஒன்றிணைத்து நிரந்தர ஆலோசகர் பணியிடங்களை உருவாக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் குழந்தைகள் மனநலப் பிரிவு வேண்டும். ஆசிரியர்க்கும் அங்கன்வாடி ஊழியர்க்கும் பயிற்சியளித்து, பிற சுமைகளைக் குறைக்க வேண்டும். பயிற்சி மையங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். இவற்றுக்காகத் தொழிற்சங்கங்களும் மாணவர், மாதர் அமைப்புகளும் இணைந்து போராட வேண்டும்.

மனநோயை மானக்கேடாகக் கருதி மறைப்பதில் இயக்கக் குடும்பங்களும் விலக்கல்ல. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தோழர், மதிப்பெண்ணைக் கேட்குமுன் பிள்ளையின் மனத்தைக் கேட்கட்டும். ஐயம் எழுந்தால் மருத்துவரை நாடுவதிலோ, 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை அழைப்பதிலோ இழுக்கு ஏதுமில்லை. அரசிடம் உரிமையைக் கோருவோம். அதுவரை எந்தக் குழந்தையும் தனித்துத் தவிக்க விடாதிருப்போம்.