பூட்டிய வீட்டுக்கு ஏன் வரிச் சலுகை?

2022 மார்ச்சில் வீடு வாங்குவோர் தொடர்பாக இரண்டு அரசுகள் எடுத்த நிலைப்பாடுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல்முறையாக வீடு வாங்குகிறவர், அதன் மதிப்பு 45 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்தால், கடன் வட்டியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாயைக் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 2019-இல் மத்திய அரசு 80இஇஏ பிரிவைக் கொண்டுவந்தது. 2022 மார்ச் 31-ஆம் தேதிக்குப் பிறகு வழங்கப்பட்ட கடன்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நீட்டிக்க வேண்டும் என்று டெல்லிக்குத் தோன்றவில்லை. அதே மாதம் தாக்கலான மகாராஷ்டிர பட்ஜெட், அடுக்குமாடி வீட்டை முதலீடாக வாங்கி விற்பவர்களுக்கான முத்திரைத் தீர்வைச் சலுகையை ஓராண்டிலிருந்து மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. குடியிருக்க வாங்குகிறவருக்குக் கதவு சாத்தப்பட்டது. விற்பதற்காக வாங்குகிறவருக்கு இன்னும் அகலமாகத் திறந்துவிடப்பட்டது.

இந்த இரண்டின் விளைவும் ஒரே இடத்தில் வந்து சேர்வது புனேயின் மேற்கு விளிம்பில் உள்ள ஹிஞ்சேவாடியில். ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் மூன்று கட்டங்களும் இங்கேதான் இருக்கின்றன. இன்ஃபோசிஸ், விப்ரோ, டிசிஎஸ், காக்னிசன்ட் என்று வரிசையாக அலுவலகங்கள். கோவை, மதுரை, நெல்லையிலிருந்து பொறியியல் முடித்துப் போன பிள்ளைகளும் இவற்றில் வேலை பார்க்கிறார்கள். அலுவலகங்களைச் சுற்றி மாண், மாருஞ்சி கிராமங்களில் இருபது மாடி, முப்பது மாடி என்று கட்டடங்கள் எழுகின்றன. பஞ்சாயத்து நிர்வாகம், தண்ணீருக்கு டேங்கர் லாரி, மழை பெய்தால் சாலையில் வெள்ளம். இருந்தும் புதிய இரு படுக்கையறை வீடுகளில் பெரும்பாலானவற்றின் விலை 45 லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. மலிவு வீடு என்பதற்கு அரசு 2019-இல் வகுத்த இலக்கணத்துக்குள், மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாங்கக்கூடிய வீடே அடங்காது.

மகாராஷ்டிரச் சலுகை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒருவர் கட்டுமான நிலையில் 70 லட்சத்துக்கு வீடு புக் செய்கிறார். தீர்வை 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4.2 லட்சம் கட்டுகிறார். சாவி கைக்கு வரும் வேளையில், மூன்று ஆண்டு முடியுமுன், அதையே 85 லட்சத்துக்கு இன்னொருவருக்கு விற்கிறார். இரண்டாவது ஆவணத்துக்கான தீர்வை 5.1 லட்சம். ஆனால் முதலாமவர் கட்டிய தொகை, பெயரளவுக்கான ஒரு சிறு தொகை நீங்கலாக, இதில் கழிக்கப்படும். புதிதாகக் கருவூலத்துக்குப் போவது ஏறத்தாழ 90 ஆயிரம் மட்டும். வீடு இரண்டு முறை கைமாறியும் அரசுக்கு ஒருமுறைக்கான தீர்வைதான் கிடைக்கிறது. இரண்டாவதாக வாங்குகிறவருக்குத்தானே லாபம் என்று கட்டுமான நிறுவனங்கள் கேட்கும். தீர்வை மிச்சமாகும் என்பது விற்பவருக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். அந்த மிச்சம் 85 லட்சத்துக்குள்ளேயே ஏற்றப்பட்டுவிடும். ஓராண்டு கெடு இருந்தவரை, கட்டடம் எழும்புவதற்குள் கைமாற்றுவது கடினமாக இருந்தது. மூன்று ஆண்டு என்பது ஒரு கட்டடம் அஸ்திவாரத்திலிருந்து சாவி வரை போக ஆகும் காலம். சலுகையின் அளவு யாருக்காகத் தைக்கப்பட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஹிஞ்சேவாடிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மாணிலிருந்து சிவாஜிநகர் வரை சுமார் 23 கிலோமீட்டர் நீளும் மூன்றாவது மெட்ரோ வழித்தடத்துக்கு 2018 டிசம்பர் 18 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதன்பின் காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. ரயில் வருமுன்பே அதன் பெயரில் விலை வந்துவிட்டது. பொதுப் பணமும் தனியார் பணமும் சேர்ந்து போடும் தண்டவாளத்தின் பயன், அதில் தினமும் பயணம் செய்யப்போகிறவரைவிட முன்கூட்டியே நான்கு வீடுகளைப் பிடித்துவைத்தவருக்கு முதலில் போய்ச் சேர்கிறது.

வருமான வரிச் சட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2017 வரை வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டிக்கு வரம்பே கிடையாது. ஒரு கோடி கடன், 9 லட்சம் வட்டி, 2.4 லட்சம் வாடகை என்றால், வாடகையில் 30 சதவீதக் கழிவும் போக மிஞ்சும் 7.32 லட்சம் ‘நஷ்டம்’ முழுவதையும் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. உச்ச வரி வரம்பில் இருந்தவருக்கு ஆண்டுக்கு 2.26 லட்சம் மிச்சம். ஒருவர் சொத்து சேர்க்க நாடே சேர்ந்து தவணை கட்டிய கதை இது. 2017 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி இந்தக் கழிவை ஆண்டுக்கு 2 லட்சமாக வெட்டியது சரியான முடிவு. அதே பட்ஜெட்டில், சொத்தை 36 மாதம் வைத்திருந்தால்தான் நீண்டகால ஆதாயம் என்ற விதி 24 மாதமாகக் குறைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுத்தார்.

அதன்பிறகு நடந்ததில் பெரும்பகுதி கொடுத்தல்தான். இரண்டாவது வீட்டைப் பூட்டிவைத்தாலும், அதற்குக் கற்பனை வாடகை கணக்கிட்டு வரி போடுவதில்லை என்று 2019 இடைக்கால பட்ஜெட் அறிவித்தது. விற்காமல் கிடக்கும் வீடுகளுக்குக் கட்டுமான நிறுவனங்கள் வரி கட்டாமல் இருக்கும் காலமும் ஓராண்டிலிருந்து இரண்டாண்டானது. 2025 பிப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இரண்டு வீடுகளுக்கான விலக்கில் மிச்சமிருந்த நிபந்தனைகளையும் எடுத்துவிட்டார். வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறேன் என்று காரணம் சொல்லக்கூட இனி தேவையில்லை.

புதிய வரி முறையில் இந்தச் சாய்வு இன்னும் பட்டவர்த்தனம். தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அதில் கழிவே இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வீட்டு வாடகைப்படி விலக்கும் இல்லை. வாடகைக்கு விடுகிறவர் மட்டும் வட்டியை வாடகை வருமானம் வரை கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத நிலைக்கழிவும் உண்டு. தவணை கட்டிக் குடியிருப்பவர், வாடகை கட்டிக் குடியிருப்பவர் இருவரும் வெறுங்கையோடு நிற்க, உரிமையாளர் மட்டும் கழிவோடு நிற்கிறார்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. வாடகை என்பது வருமானம், அதைச் சம்பாதிக்க ஆகும் வட்டி செலவு, செலவைக் கழிப்பது எந்தத் தொழிலுக்கும் உள்ள நியதி. இது நியாயமான வாதம். ஹிஞ்சேவாடிக்கு வேலைக்கு வரும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது வாடகை வீடு. அதை யாராவது வாங்கி வாடகைக்கு விட்டால்தான் உண்டு. ஆகவே வாடகைக்கு விடுகிறவரைத் தண்டிக்க வேண்டியதில்லை. வாடகைக்கும் விடாமல், குடியும் போகாமல், விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வீட்டுக்கு ஏன் பொதுப் பணம் என்பதே கேள்வி. நம் நகரங்களில் ஓராண்டு வாடகை வீட்டு விலையில் மூன்று, நான்கு சதவீதத்தைத் தாண்டுவது அரிது. கடன் வட்டியோ அதைப்போல் இரு மடங்கு. வாடகைக்காக மட்டும் இந்தக் கணக்கில் யாரும் இறங்கமாட்டார்கள். விலையேற்றமும் அதன்மேல் கிடைக்கும் வரிச் சலுகையும்தான் இழுக்கின்றன.

பூட்டிய வீடுகள் கற்பனை அல்ல. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. அதில் மகாராஷ்டிரத்தின் பங்கு சுமார் 20 லட்சம், மாநிலங்களிலேயே அதிகம். மறு ஆண்டு மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்றது. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழைகளும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும். எண்கள் பழையவை, 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. கட்டிய வீடுகளைப் பார்த்தால் நிலைமை மாறியதாகத் தெரியவில்லை.

மற்ற நாடுகளும் இந்தச் சிக்கலை எதிர்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் வாடகை வீட்டு உரிமையாளரின் கடன் வட்டிச் சலுகை 2017 முதல் 2020 வரை படிப்படியாக 20 சதவீத அளவுக்கு இறக்கப்பட்டது. சிங்கப்பூரில் குடிமகனே இரண்டாவது வீடு வாங்கினாலும் 20 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஆஸ்திரேலியா 1985-இல் வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பதை நிறுத்தி, 1987-இலேயே பின்வாங்கியது. அரசியல் செலவு இல்லாத சீர்திருத்தம் இல்லை என்பதற்கு அது உதாரணம். வெளிநாடுவரை போவானேன்? புனே மாநகராட்சியே 1970 முதல், உரிமையாளர் தானே குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியில் 40 சதவீதச் சலுகை தந்துவந்தது. இடையில் பறிக்கப்பட்ட அது மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2023-இல் திரும்பியது. குடியிருப்பவருக்குச் சலுகை என்ற எளிய தத்துவம் அந்த ஊருக்குப் புதியதல்ல. ஹிஞ்சேவாடி மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பது வேறு விஷயம்.

வரியை மாற்றினால் மட்டும் விலை இறங்கிவிடாது. நிலம், சாலை, குடிநீர் எல்லாம் சேர்ந்ததுதான் வீட்டு விலை. ஆனால் நிலத்தைப் பெருக்குவது கடினம், சலுகையை நிறுத்துவது ஒரு பட்ஜெட் வரி. மகாராஷ்டிர அரசு அடுத்த பட்ஜெட்டில் மூன்றாண்டு தீர்வைச் சலுகையை நீக்க வேண்டும். மத்திய அரசு, பூட்டிய இரண்டாவது வீட்டுக்கான விலக்கைத் திரும்பப் பெற்று, அந்தப் பணத்தில் முதல் வீட்டுக்கான வட்டிச் சலுகையைப் புதிய வரி முறையிலும் செல்லும்படி உயிர்ப்பிக்க வேண்டும். 45 லட்சம் என்ற வரம்பை இன்றைய விலைக்கேற்ப உயர்த்த வேண்டும். வீடு விற்ற ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டால் 10 கோடி வரை வரி இல்லை என்ற சலுகை, வாங்கியவர் தானே குடியேறும் வீட்டுக்கு மட்டும் என்றாக வேண்டும். சென்னையின் தகவல் தொழில்நுட்பப் பகுதிகளான சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் இதே வருமான வரிச் சட்டம்தான். தமிழக எம்.பி.க்கள் அடுத்த நிதி மசோதா விவாதத்தில் இதை எழுப்ப வேண்டும்.