அடைக்கு வெல்லம், சீஸுக்கு போர்ட்!

சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிற ஊர் ஐயங்கார்குளம். இங்கே உட்கார்ந்துகொண்டு ஒயினைப் பற்றி எழுதுவது கொஞ்சம் விவகாரம்தான். ஆனால், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி நண்பன் ஒருவன் லண்டனுக்கு ட்ரெயினிங் போகிறான். ‘‘டின்னர் முடிஞ்சதும் போர்ட் ஒயினும் பூஞ்சை பிடிச்ச சீஸும் வைப்பாங்களாம். எதை எதோட சாப்பிடணும்? மானத்தைக் காப்பாத்துடா!’’ என்கிறான். அவனுக்குச் சொன்னது உங்களுக்கும்.

முதலில் போர்ட். போர்ச்சுகலில் டூரோ பள்ளத்தாக்கின் திராட்சைச் சாறு பாதி புளிக்கும்போதே, பிராந்தி மாதிரியான திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றிவிடுகிறார்கள். சர்க்கரையைத் தின்றுகொண்டிருந்த ஈஸ்ட் அதோடு அவுட். தின்றது போக மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கும். அதனால்தான் போர்ட் தித்திக்கிறது. ஆல்கஹால் சுமார் 20 சதவீதம்.

அடுத்து ஸ்டில்டன். நீலப் பூஞ்சை நரம்பு நரம்பாக ஓடும் இங்கிலீஷ் சீஸ். நம் வீட்டில் என்றால் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால், கட்டிப் பெருங்காயத்தை டப்பாவில் போட்டுப் பாதுகாக்கிற நாம் அடுத்தவன் நாற்றத்தைப் பற்றிப் பேசக்கூடாது! இதில் உப்பும் கொழுப்பும் ஜாஸ்தி. நான் படித்தது பி.காம். டெபிட்டுக்கு எதிரே கிரெடிட் இருந்தால்தான் டாலி ஆகும். உப்புக்கு எதிரே இனிப்பு. ஆகவே ஸ்டில்டனுக்கு போர்ட்.

இது என்ன பெரிய சீமை ரகசியமா? அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் வைத்த பாட்டிக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும்.

பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்து பழுப்பேறிய ‘டானி’ போர்ட்டில் முந்திரி, பாதாம் வாசனை வரும். அதற்கு நன்றாக முற்றிய செடார் ஜோடி. ஸ்பெயினின் ஷெர்ரி வேறு ஜாதி. முழுக்கப் புளித்த பிறகுதான் சாராயம் சேர்ப்பார்கள். அதில் ‘ஃபினோ’ என்பது இனிப்பே இல்லாத ரகம். செம்மறியாட்டுப் பாலில் செய்த மாஞ்செகோ சீஸின் கொழுப்பை வெட்ட அதுதான் சரி. தயிர் சாதத்துக்கு நார்த்தங்காய் மாதிரி.

இந்த விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு ஸார். இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் இருக்கும் மதேரா தீவில் ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். பூமத்திய ரேகை வெயிலில் வெந்து, குலுங்கி, விற்காமல் திரும்பிப் போன பீப்பாயைத் திறந்தால்... முன்னைவிட ருசி! அப்புறம் வேண்டுமென்றே பீப்பாய்களைக் கப்பலேற்றி ரவுண்டு அனுப்பினார்கள். இன்று தீவிலேயே சூடுபடுத்தி அதே பக்குவத்தைக் கொண்டுவருகிறார்கள். அந்தக் காலத்து மெட்ராஸ் கோட்டை துரைமார்களும் குடித்தது மதேராதான்.

நண்பனுக்குச் சில எச்சரிக்கைகள். போர்ட் சின்ன கிளாஸில்தான் வரும். 75 மில்லி போதும். தித்திக்கிறதே என்று ஜூஸ் மாதிரி அடித்தால் மறுநாள் ட்ரெயினிங் கோவிந்தா! சைவமாக இருந்தால் சீஸை எதை வைத்து உறைய வைத்தார்கள் என்று கேட்டுக்கொள். சிலவற்றுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பார்கள். நம்மூர் பாக்கெட் என்றால் பச்சைப் புள்ளி சொல்லிவிடும்.

முக்கியமாக, குடிக்கிற பழக்கம் இல்லையென்றால் ‘வேண்டாம், தேங்க்ஸ்’ என்று சொல். மானம் கிளாஸில் இல்லை. ஆபீஸ் பார்ட்டிகளில் நம் பையன்கள் பாதிப் பேர் ருசிக்காகக் குடிப்பதில்லை. பட்டிக்காட்டான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் குடிக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு எந்த சீஸும் ஜோடி கிடையாது.

குடிக்காதவர்களும் இந்த ருசிக் கணக்கைச் சரிபார்க்கலாம். ஒரு சீஸ் க்யூப், ஒரு சின்ன வெல்லக்கட்டி, இரண்டையும் சேர்த்து வாயில் போடுங்கள். டாலி ஆகிறதா இல்லையா என்று நாக்கே சொல்லிவிடும்!